தாளைப் புரட்டும் கை

திருப்புலிவனம் வியாக்ரபுரீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கல் என்பதால் பிழைத்தன. பக்கத்து மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய ‘பறையன்’, 1907-ல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ஆகிய இதழ்களோ தாளில் வந்தவை. தாள் பொடிந்துவிடும்.

அதனால்தான் பழைய இதழை ஸ்கேன் செய்யும் கைகளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஓரம் அப்பளமாய் நொறுங்கும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. அடியில் மெல்லிய அட்டையைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும். பிறகு தட்டச்சு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய சுழித்த ‘றா’வோ துதிக்கை முளைத்த ‘லை’யோ வந்தால் எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் திணறும், மனிதக் கண்தான் துணை. என்ன பொறுமை அது!

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக வகுப்பொன்றில் 2012-ல் பிறந்த திட்டம், 19-ஆம் நூற்றாண்டுக் கறுப்பின மாநாடுகளின் ஆவணங்களைத் திரட்டியது. அதன் தொடர்ச்சியாக, கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளாக வரித்துக்கொண்ட பிப்ரவரி 14-ல், பல ஊர்களில் மக்கள் கூடி உட்கார்ந்து பழைய பக்கங்களை எழுத்தெழுத்தாகப் படித்துத் தட்டச்சு செய்கிறார்கள். பிறந்தநாள் கேக்கும் உண்டு.

கோழியாளத்துக்கு இத்தனை அருகில், திருப்புலிவனப் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகளும் ஒருநாள் அப்படி உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் போதும்.