பத்திரிகைகளும் சர்வதேச நியாயமும்

ஒரு சட்டம் செல்லுமா, செல்லாதா என்பதை நியாயஸ்தலமே தீர்மானிக்கிறதென்று பொதுவாக நம்பப்படுகிறது. ஜனங்களின் மனத்திலோ அதனைத் தீர்மானிப்பது பத்திரிகையே என்பது நமது அபிப்பிராயம். மனித உரிமை பற்றிய சர்வதேசச் சட்டத்தின் விஷயத்தில் இது முற்றிலும் உண்மையாகும்.

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஜாலான் பென்ஜாரா என்றொரு வீதி உண்டு. மலாய் மொழியில் சிறைச்சாலை வீதி என்பது அதன் பொருள். அங்கிருந்த சிறை மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. சிறைக்குள் நடப்பது எதனையும் சாமானியர் கண்ணாற் காண்பதில்லை. பத்திரிகை காட்டுவதையே காண்கிறார்கள். ஆகவே பத்திரிகையின் பொறுப்பு சிறிதன்று.

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் என்னும் தமிழ் இளைஞர், 42.72 கிராம் ஹெராயினுடன் 2009இல் சிங்கப்பூரிற் பிடிபட்டார். அவரது அறிவுத்திறன் அளவு 69 என மதிப்பிடப்பட்டது. தம் செய்கையை அறிந்தே அவர் செய்தாரென நீதிமன்றங்கள் முடிவு கூறின. தண்டனையை நிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் வேண்டினர். 2022 ஏப்ரல் 27இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அக்காலத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல நிபுணர்களின் கூற்றை முன்னிறுத்தின. உள்நாட்டுப் பத்திரிகைகள் உள்துறை அமைச்சின் விளக்கத்தை முன்னிறுத்தின. ஒரு பக்கத்தில் ‘சர்வதேசச் சட்டம் மீறப்பட்டது’. மறு பக்கத்தில் ‘எங்கள் சட்டம் எங்கள் உரிமை’. எந்தச் சட்டம், அது யாரைக் கட்டுப்படுத்தும் என்னும் கேள்வி இவ்விரு கூச்சல்களுக்கிடையே அமுங்கிப் போயிற்று.

உண்மை என்ன? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையிற் சிங்கப்பூர் சேரவில்லை. ஆனால் மாற்றுத் திறனாளிகளின் உரிமை உடன்படிக்கையை 2013இல் தானே மனமுவந்து ஏற்றது. ஏற்ற உடன்படிக்கையும் நாட்டுச் சட்டமாவதற்குப் பாராளுமன்றத்தின் செயல் வேண்டும். 2010இல் யோங் வுய் கோங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டாய மரண தண்டனையை உலக வழக்கச் சட்டம் தடுக்கிறதா என்று ஆராய்ந்தே, தடுக்கவில்லை எனத் தீர்த்தது. அம்முடிவை ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். நீதிபதிகள் காரணம் காட்டினர் என்பதை மறுக்க இயலாது. பத்திரிகைகளோ பெரும்பாலும் அடைமொழிகளையே காட்டுகின்றன.

பெட்ரா பிராங்கா தீவின் உரிமை சிங்கப்பூருக்கே என்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தபோது, அதனை அந்நியத் தலையீடு என்று யார் சொன்னார்? இரு நாடுகளும் சம்மதித்துச் சென்ற வழக்கு அது, அத்தீர்ப்பு கட்டுப்படுத்தும். நிபுணரின் கருத்து அவ்வாறு கட்டுப்படுத்தாது. இவ்வேற்றுமை மெய்யே. ஆயினும் சம்மதமே சட்டத்துக்கு வலிமையெனின், 2013இல் அளித்த சம்மதத்துக்கும் மதிப்பு வேண்டாமா? நிலத்துக்கு ஒரு நியாயம், உயிருக்கு ஒரு நியாயமா?

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் தமிழ் மக்கள் கயிற்றின் முன் நிற்கும் காலத்தில் இது வெறும் புத்தக விவாதமாகாது. எனவே பத்திரிகை வாசிக்கும் ஒவ்வொருவரும், எந்த உடன்படிக்கை, நம் நாடு அதிற் சேர்ந்ததா, சொன்னது தீர்ப்பா, கருத்தா என்று கேட்கப் பழகவேண்டும். விடை சொல்லாத பத்திரிகை எப்பக்கம் நின்றாலும், அது நமக்குச் செய்தி தரவில்லை; தன் விருப்பத்தையே தந்திருக்கிறது.