இடுகுறியும் காரணமும்: மென்பொருள் கருவிப் பெயர்கள் குறித்து ஒரு நோக்கு

பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என நன்னூல் பகுக்கிறது. நிரலாளரின் கருவிகளுக்கு இடப்படும் பெயர்களை இப்பகுப்பைக் கொண்டு நோக்கினால், பவணந்தியார் எதிர்கொள்ள நேராத சிக்கல் ஒன்று தென்படுகிறது.

தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் தென்காசிப் பகுதியில், மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. 1996இல் 'அட்வென்ட்நெட்' எனத் தொடங்கிய இந்நிறுவனம், வலையமைப்பு மேலாண்மைக் கருவிகளை உருவாக்கியது. 2009இல் 'ஜோஹோ' ஆயிற்று. முன்னதன் 'நெட்' என்னும் ஈறு தொழிலை உணர்த்தியது. பின்னது கேட்போர்க்கு இடுகுறியே. 2021இல் வெளிவந்த அதன் 'அரட்டை' செயலியோ தமிழர்க்குக் காரணப்பெயர். பிறமொழியினர்க்கு வெறும் ஒலி. 2025இல் அச்செயலி நாடெங்கும் பேசப்பட்டபோது, பெயரை மாற்றக் கோரும் குரல்களும் எழுந்தன. ஒரே பெயர் கேட்போர்க்கேற்ப வகை மாறுவதை நம் இலக்கணம் தனித்துப் பேசவில்லை.

முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009இல் கட்டுரைவழி அறிமுகப்படுத்திய 'எழில்' நிரல்மொழிக்கு இச்சிக்கல் வேறு வடிவில் நேர்கிறது. தமிழ் மாணவர் அப்பெயரைக் கவிதைத் தொகுப்பின் தலைப்பு என்றே முதலில் கொள்ளக்கூடும். தமிழில் அமைந்த நிரல்மொழி எனக் கேட்கும் கணினி மாணவரோ, ஆங்கிலக் கட்டளைகளின் மொழிபெயர்ப்பு என எண்ணி ஒதுக்குவார். இரண்டும் பிழை. எழிலில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக வரும்: @( மதிப்பெண் >= 35 ) ஆனால். பைத்தானில் நிபந்தனைச்சொல் முன்வரும். ஆகவே இது சொற்பெயர்ப்பு அன்று. தமிழ்த் தொடரமைப்பையே நிரலின் அமைப்பாக்கிய முயற்சி. திரையில் காட்டுவதற்கான 'பதிப்பி' என்னும் கட்டளை மட்டும் எனக்கு உடன்பாடானதன்று. சுவடிப்பதிப்பில் பழகிய நமக்கு அச்சொல் வேறொரு பணியை நினைவூட்டுகிறது.

பைத்தானும் பாம்பினால் பெற்ற பெயரன்று. மான்ட்டி பைத்தான் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவால் பெற்றது. ஆயினும் அதன் சின்னத்தில் பாம்புகளே உள்ளன. பெயர் தந்த முதற்பதிவு காரணத்தையே விழுங்கிவிட்டது! ஆனால் அங்கே பயன்பாடு பெயரைத் தாங்கி நிற்கிறது. எழிலுக்கு அத்தகைய பயன்பாட்டுத் தளம் வாய்க்கவில்லை. எனவே பெயரே முழுச்சுமையையும் தாங்க வேண்டியதாகிறது. தட்டச்சுக் கருவியான 'எ-கலப்பை' இவ்வகையில் நற்பேறுடையது. அதன் 'எ' ஆங்கில எழுத்தின் ஒலியே எனினும், நெல்வயல் சூழ்ந்த ஊரினர்க்குக் கலப்பை உழைக்கும் கருவி என்பதை விளக்கத் தேவையில்லை. கருவிகளுக்கு அழகுப்பெயர் சூட்டும் நம் வழக்கம், அவற்றைப் பயன்கொள்ளும் பொருளாகக் காட்டாமல் மொழிப்பற்றின் அடையாளமாகவே காட்டிவிடுகிறது. எழிலின் அறிமுகப் பக்கத்தில் பெயர்விளக்கத்துக்கு முன்பாக மேற்காட்டிய நிபந்தனை வரி இடம்பெறின், மாணவர் முதலில் காண்பது அதன் தொடரமைப்பாக இருக்கும்.