எள்ளுவோரும் எள்ளப்படுவோரும்

நகைச்சுவை அரங்கு ஒன்றைப் பற்றி எழுதப் புகுமுன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது முறை. அவ்வரங்கில் நாமும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாத ஓரிடத்திலும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஊத்தங்கரையில் வாழும் நமக்கு மேடை புதிதன்று. பட்டிமன்றங்கள் கேட்டிருக்கிறோம். மீலாது மேடைகளில் பேச்சாளர்கள் இடையிடையே உதிர்க்கும் நகைத்துணுக்குகளைச் சுவைத்திருக்கிறோம். இளமையில், அண்டைச் சிற்றூர்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை வீட்டாருக்குத் தெரியாமல் சென்று பார்த்ததும் உண்டு. ஆயின், ஒருவர் தன்னந்தனியே நின்று, ஒரு மணி நேரம், சிரிக்க வைப்பதொன்றையே தொழிலாகக் கொண்டு பேசும் 'ஸ்டாண்டப் காமெடி' என்பதை நேரில் கண்டதில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் நம் தமக்கை மகன்தான் நம்மை அழைத்தான். "ஃபோன்ல பாக்கறது வேற மாமு, நேர்ல பாக்கறது வேற. ஒருதரம் வந்து பாருங்க" என்றான். அனுமதிச் சீட்டு ஒன்று 499 ரூபாய். அவனுடைய ஒருநாள் கூலிக்கு ஏறத்தாழச் சமம். இரண்டு சீட்டுகளையும் அவனே வாங்கியிருந்தான்.

நிகழ்ச்சி பெங்களூரில். ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் சென்று, அங்கிருந்து மருமகனோடு அத்திபெலே எல்லையைத் தாண்டி, மாலை மயங்கும் வேளையில் போய்ச் சேர்ந்தோம். நூறு பேர் அமரக்கூடிய சிறிய அரங்கு. மேடையில் ஓர் ஒலிவாங்கி, ஓர் உயர்ந்த முக்காலி, அதன்மேல் ஒரு தண்ணீர்ப் புட்டி. திரையில்லை, ஒப்பனையில்லை, பக்கவாத்தியமில்லை. இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞர் ஒருவர் வந்து நின்றார். அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நாம் பேச வந்தது அவரைப் பற்றியன்று; அவர் கைக்கொண்ட கலையைப் பற்றி.

இக்கலை அமெரிக்காவின் கதம்ப மேடைகளிலும் இரவு விடுதிகளிலும் உருப்பெற்றது. நம் நாட்டில் இதற்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர் ஜானி லீவர். பம்பாயில் இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையில் உழைத்த தொழிலாளி அவர். நிறுவன விழா ஒன்றில் தம் மேலதிகாரிகளைப் போலவே பேசியும் நடந்தும் காட்டினார். உடனுழைத்த தொழிலாளர்கள் அவருக்கு அந்நிறுவனத்தின் பெயரையே சூட்டி மகிழ்ந்தார்கள். தமிழில், 2005-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு' இதனை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தது. இன்று அலெக்சாண்டர் பாபு, கார்த்திக் குமார், அரவிந்த் எஸ்.ஏ., பெங்களூரில் வாழும் பிரவீன் குமார் முதலியோர் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் விரவிய நடையிலும் இதனை வளர்த்து வருகிறார்கள். தமிழ்த் திரையிசையையே பொருளாகக் கொண்டு, பாடியும் பேசியும் அலெக்சாண்டர் பாபு நடத்திய 'அலெக்ஸ் இன் வொண்டர்லாண்ட்' 2019-இல் இணையத் திரையில் வெளிவந்தது. சிரிக்கவும் வைத்து, பழைய பாடகர்கள்பால் அன்பையும் பெருக்கலாம் என்பதற்கு அது சான்று.

நாம் கண்ட இளைஞரும் திறமை அற்றவரல்லர். முதல் இருபது நிமிடம் தம்மைப் பற்றியே பேசினார். சிற்றூரிலிருந்து பொறியியல் படிக்க வந்து, முதல் நேர்காணலில் ஆங்கிலம் வராமல், கேட்ட கேள்விக்கெல்லாம் 'எஸ் சார்' என்றே விடை சொன்ன கதை. சொல்லுக்குச் சொல் அளந்திருந்தார். எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் மௌனம் காப்பது என்பதை அறிந்திருந்தார். தொடக்கத்தில் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல்லை, அரைமணி நேரம் கழித்து, நாம் மறந்திருந்த வேளையில் மீட்டுக் கொணர்ந்தபோது அரங்கே அதிர்ந்தது. இது தற்செயலாக வருவதன்று. 'ஓப்பன் மைக்' எனப்படும் புகுமுக மேடைகளில், ஆளுக்கு ஐந்து நிமிடமாக, சிரிக்காத கூட்டத்தின்முன் இரவுதோறும் தோற்றுத் தோற்று இழைத்த சொற்கள் அவை. அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறோம்.

அதன்பின் அவர் கூட்டத்தோடு பேசத் தொடங்கினார். முன்வரிசையிலிருப்போரைப் பார்த்துப் பெயரும் ஊரும் கேட்டு, வருகின்ற விடையிலிருந்தே நகையை வார்த்தெடுப்பது இக்கலையில் ஒரு வித்தை. நம் முறை வந்தது. "ஐயா, எந்த ஊரு?" என்றார். "ஊத்தங்கரை" என்றோம்.

அரங்கு சிரித்தது. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரின் பெயரே சிரிப்புக்குப் போதுமானதாயிற்று. "கூகுள் மேப்பே இறங்கி வழி கேக்கற ஊராச்சே!" என்றார் அவர். சிரிப்பு இரட்டித்தது. பிறகு நம் தாடியையும் தொப்பியையும் ஒருகணம் பார்த்தார். "பாய், பிரியாணியோட வந்தீங்களா, இல்ல சும்மா வந்தீங்களா?" என்றார். அதற்கு எழுந்த சிரிப்பே அன்றைய இரவின் உச்சம். நாமும் சிரித்தோம். மருமகன் சிரிக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் அவன் கேட்டான்: "மாமு, நீங்க ஏன் சிரிச்சீங்க?"

உடனே விடை சொல்ல இயலவில்லை. தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு அழைத்துப் பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார். அவற்றுள் ஒன்று எள்ளல். உரை கண்ட பேராசிரியர் இந்த எள்ளலை இரண்டாகப் பகுத்தார். பிறரை நாம் எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பது மற்றொன்று. நுட்பமான பகுப்பு. எள்ளப்பட்டவனுக்கும் சிரிப்பில் ஒரு பங்கு உண்டு என்று கண்டுகொண்ட பகுப்பு.

ஸ்டாண்டப் காமெடியின் உயிர் இந்த இரண்டாம் வகையிலேயே இருக்கிறது என்பது நம் துணிபு. எள்ளப்பட்ட ஒருவன் மேடையேறி, தன்னை எள்ளிய உலகத்தையும் எள்ளலுக்கு இடங்கொடுத்த தன்னையும் சேர்த்துச் சிரிக்கும்போது அங்கே ஒரு விடுதலை பிறக்கிறது. அந்த இளைஞரின் நேர்காணல் கதைக்கு அரங்கு முழுவதும் ஒரே மனத்தோடு சிரித்ததற்குக் காரணம் அதுவே. கழுதைமேல் திரும்பி அமர்ந்து செல்லும் முல்லா நஸ்ருத்தீன் நூற்றாண்டுகள் கடந்து வாழ்வதும் அதனாலேயே. ஒன்பதாம் நூற்றாண்டில் பசராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ் உலோபிகளைப் பற்றி ஒரு நூலே எழுதி நகையாடினார். அவர் எள்ளியது கையில் பொருள் இருந்தும் ஈயாதவர்களை, இல்லாதவர்களை அன்று.

நம் வட்டாரத்துக் கூத்தையும் எண்ணிப் பார்க்கிறோம். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் அரசன் வந்து நிற்பான். கட்டியக்காரன் முன்னே நின்று, "யாரப்பா நீ? எந்த ஊர்?" என்று கேட்பான். துரியோதனனாயினும் தன் பெயரையும் நாட்டையும் சொல்லித்தான் அவைக்குள் வரவேண்டும். பெங்களூர் அரங்கிலும் அதே கேள்விதான் கேட்கப்பட்டது. ஆயின் கட்டியக்காரன் அதை முடிசூடியவனை நோக்கிக் கேட்டான். கூடியிருந்த உழவர்கள் அவன் பக்கம் நின்று சிரித்தார்கள். இங்கே ஒலிவாங்கியை ஏந்தியவர் அதை ஏந்தாதவரை நோக்கிக் கேட்கிறார். கேள்வி ஒன்றே; அது பாயும் திசை மாறிவிட்டது.

திசை மாறிய எள்ளலுக்கு இன்னோர் இலக்கணமும் உண்டு. எள்ளப்படுவோர் அவையில் இல்லாதபோது அது எளிதாகப் பலிக்கிறது. நாம் வந்திராவிட்டாலும் அந்தப் பிரியாணிச் சொல் வேறொரு வடிவில் வந்தே இருக்கும். தமிழ்த் திரைப்படங்களில் முஸ்லிம் பாத்திரம் கொச்சைத் தமிழ் பேசிச் சிரிக்க வைத்த காலத்தைக் கண்டவர்கள் நாம். உமறுப்புலவர் பிறந்த மொழியில் நாம் இன்னும் விருந்தாளிகளாகவே சிரிக்கப்படுகிறோம்.

எனினும், சிரிப்புக்குத் தடை விதிக்கச் சொல்வோர் பக்கம் நாம் நிற்கவில்லை. அதனைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முனவ்வர் ஃபாரூக்கீ என்னும் குஜராத்திய இளைஞர், இந்தூரில் 2021 சனவரி முதல் நாள் நிகழ்ச்சிக்குச் சென்ற இடத்தில், இந்து தெய்வங்களை இழிவுபடுத்தினார் என்ற புகாரின்மேல் கைது செய்யப்பட்டார். உயர்நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. பிப்ரவரி 5 அன்று உச்சநீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கியது. ஒரு மாதத்திற்கும் மேல் சிறையில் கழித்தார். அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, நாம் சென்ற அதே பெங்களூரில் நடக்கவிருந்த அவருடைய நிகழ்ச்சி, சட்டம் ஒழுங்கைக் காரணங்காட்டிக் காவல்துறை தலையிட்டதால் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் லென்னி புரூஸ் என்பவரை 1964-இல் மேடைப் பேச்சுக்காகத் தண்டித்தார்கள். அவர் 1966-இல் இறந்தார். நியூயார்க் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2003-இல். சிரிப்பைச் சிறையிலடைத்தவர்களே பின்னாளில் நாணி நிற்க நேரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே முனவ்வர், 2024-இல் ஒரு நிகழ்ச்சியில் கூட்டத்தோடு பேசும்போது கொங்கண் பகுதி மக்களைப் பற்றி ஒரு சொல் சொன்னார். அது அவர்களைப் புண்படுத்திற்று. ஆகஸ்டு மாதத்தில் அவர் மன்னிப்புக் கேட்டார். எள்ளலால் அடிபட்டவர் கையிலும் ஒலிவாங்கி வந்தவுடன் திசை மாறக்கூடும் என்பதை இது காட்டுகிறது. நம்மவர் என்பதற்காக இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மன்னிப்புக் கேட்டது அவருக்குப் பெருமை. இந்திய மேடைகளில் அது அடிக்கடி நிகழ்வதன்று.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். நாம் ஏன் சிரித்தோம்? பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகையா? அன்று. எள்ளப்பட்டபோது தன் விருப்பால் சிரிப்பவன் உரிமையுடையவன். நாம் சிரித்தது, நூறு பேர் சிரிக்கையில் ஒருவர் மட்டும் முகம் இறுகி அமர்ந்தால், 'இவர்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை' என்று சொல்லிவிடுவார்களே என்னும் அச்சத்தால். இது மூன்றாம் வகை. கண்ணுக்குத் தெரியாத நுழைவுக் கட்டணம். 499 ரூபாய்க்கு மேல் நாம் செலுத்தியது அது.

இதனை நடைபாதையில் நின்றபடியே அவனிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "ஷிஃப்ட்ல நான் தினமும் அப்படித்தான் சிரிக்கறேன் மாமு. இங்கயாவது சும்மா சிரிக்கலாம்னுதான் வந்தேன்" என்றான். மேற்பார்வையாளர் சொல்வதற்கெல்லாம் சிரித்தாக வேண்டிய வேலை அவனுடையது. ஒரு நாள் கூலியைக் கொடுத்து அவன் வாங்க விரும்பியது கட்டாயமில்லாத ஒரு சிரிப்பை. அது அவனுக்குக் கிடைக்கவில்லை. இக்கலையின்மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு இது ஒன்றே. இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒரு நகைச்சுவை அரங்கின்மேல் இருக்கவும் முடியாது.

ஓசூர்ப் பேருந்தில் இடம் கிடைத்தது. அத்திபெலே நெருங்கும்போது அவன் திடீரென்று தன் கைப்பேசியை ஒலிவாங்கிபோல் பிடித்துக்கொண்டு, அந்த இளைஞரைப் போலவே கழுத்தைச் சாய்த்து, தண்ணீர் குடிப்பதுபோல் காட்டி, "ஐயா, எந்த ஊரு?" என்று நம்மைக் கேட்டான். உடனே குரலை மாற்றித் தன் மேற்பார்வையாளராகவும் ஆனான், "பாய், டார்கெட் முடிச்சியா, இல்ல பிரியாணியா?" என்றான். அதற்குத் தானே ஒப்பந்தத் தொழிலாளியாகி, கேட்ட கேள்விக்கெல்லாம் 'எஸ் சார்' என்றான். பின்னிருக்கையில் சீருடையோடு உறங்கிவழிந்த இரண்டு தொழிலாளர்கள் விழித்துக்கொண்டார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் அச்சம் இல்லை. நாமும் சிரித்தோம். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

மீண்டும் அழைத்தால் செல்வோமா? செல்வோம். முன்வரிசையிலேயே அமர்வோம். ஊர் எது என்று கேட்டால் ஊத்தங்கரை என்று உரக்கச் சொல்வோம். அதன்பின் வருவது நகையாயின் மனமாரச் சிரிப்போம். அன்றாயின் சிரியாது அமர்ந்திருப்போம். மேடையில் நிற்பவருக்கு அதுவும் ஒரு விமரிசனமே. சிரிக்காத கூட்டத்தின்முன் நின்றுதானே அவர்கள் இக்கலையைக் கற்றுக்கொண்டார்கள்!