'பதில்' எனும் சொல்

ஆசிரியர் சிலர் மாணவர் கட்டுரையில் 'பதில்' என்பதைக் கண்ட இடமெல்லாம் அடித்து, 'விடை' என்று திருத்துகின்றனர். நோக்கம் நன்று, முறை நன்றன்று.

'பதல்' என்னும் அரபுச்சொல் இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்து 'பதில்' ஆயிற்று. ஈடு, மாற்று என்பதே அதன் முதற்பொருள். பிறருக்காக ஒருவர் நிறைவேற்றும் ஹஜ்ஜை மலாய் மக்கள் 'பதல் ஹஜி' என்பதும் இச்சொல்லே. சொல்லுக்கு ஈடாகச் சொல் தருவதால் மறுமொழிக்கும் அப்பெயர் அமைந்தது. பழந்தமிழில் 'மாற்றம்' என்பதும் மறுமொழியைக் குறித்தது. 'மாறு' என்பதே அதன் அடி. இருமொழியும் ஒரே நெறியில் சென்றமை நோக்கத்தக்கது.

'மார்சிலிங்கில் இறங்குவதற்குப் பதிலாக உட்லண்ட்சில் இறங்கினான்' என்ற தொடரில் 'விடையாக' பொருந்துமோ? 'மாற்றாக' என்பதும் முரடாகவே ஒலிக்கும். 'மார்சிலிங்கில் இறங்காமல் உட்லண்ட்சில் இறங்கினான்' என்பதே தமிழ் மரபு. அங்குப் பெயர்ச்சொல்லே வேண்டா. எதிர்மறை வினையெச்சம் போதும். 'சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம்' என்னுமிடத்திலோ 'மாற்றாக' இனிது பொருந்தும்.

ஆகவே வினாவுக்கு விடை, கடிதத்துக்கு மறுமொழி, பொருளுக்கு மாற்று என இடமறிந்து வழங்குக. ஒரு சொல்லை நீக்குமுன், அது அங்கே ஆற்றும் பணியை மாணவனுக்கு உணர்த்துவதே ஆசிரியர் கடன்.