கேட்ச் கேன் வாங்கும்முன் மூடியைத் திறந்து பாருங்கள்

சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் காரின் இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டால், மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். இன்ஜின் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். எரியறையில் அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது. அங்கே தெறிக்கும் ஆயிலின் நுண்துளிகள், நீராவி, எரியாத பெட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வெளியேற வழி தேடுகிறது. ஒரு காலத்தில் அந்தப் புகை ஒரு குழாய் வழியாக நேரே சாலைக்குப் போனது. 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியா அதற்குத் தடை போட்டது. புகையை இன்டேக்குக்கே திருப்பிவிடும் பிசிவி வால்வு வந்தது. இன்ஜின் தன் புகையைத் தானே உறிஞ்சி எரிக்கத் தொடங்கியது.

காற்றுக்கு நல்லதுதான். இன்டேக் வால்வுக்குத்தான் தலைவலி.

2015 முதல் 2021 வரை அமெரிக்காவில் விற்ற டபிள்யூ.ஆர்.எக்ஸில் இருப்பது 268 குதிரைத்திறன் தரும் 2.0 லிட்டர் டர்போ இன்ஜின், எஃப்.ஏ.20 வகை. பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிவிட எதுவும் இல்லை. வந்து படியும் ஆயில் அங்கேயே கருகிக் கார்பனாக இறுகுகிறது. அதே எஃப்.ஏ.20 குடும்பத்து இன்ஜின்தான் டொயோட்டா 86 காரிலும் இருக்கிறது. ஆனால் அதில் டி-4எஸ் முறைப்படி இன்டேக் வழியிலும் பெட்ரோல் தெளிக்கப்படுவதால் வால்வு அவ்வளவு கறுப்பதில்லை. டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றோடு கலந்து வரும் ஆயில், பெட்ரோலின் ஆக்டேன் வலுவைக் குறைத்து ‘நாக்’ எனும் ஒழுங்கற்ற வெடிப்பு வரக் காரணமாகிறது. கணினி உடனே இக்னிஷனைப் பின்தள்ளுகிறது. காசு கொடுத்து ஏற்றிய பவர் அப்படியே கரைகிறது.

இந்த ஆயிலை வழியிலேயே மறித்துப் பிடிப்பதுதான் கேட்ச் கேனின் வேலை. சந்தையில் கிடைப்பவற்றை அருகருகே வைத்து மூடியைத் திறந்தால் பாதி விடை தெரிந்துவிடும்.

மலிவு விலை கேன் வெளியே பளபளவென்று நீலத்திலும் சிவப்பிலும் மின்னும். உள்ளேயோ வெறும் குவளை. நுழைவாயும் வெளிவாயும் மேலே எதிரெதிரே இருக்கின்றன. இதில் புகை ஒரு வாயில் புகுந்து, கீழே இறங்காமலே மறுவாயில் கிளம்பிவிடும். அடியில் கொஞ்சம் ஆயில் தேங்குவதைப் பார்த்து வாங்கியவர் மகிழ்வார். தப்பிப் போனது அவர் கண்ணில் படாது. சோதித்துப் பார்க்க எளிய வழி, கேனுக்கு அடுத்தாற்போல் அதே குழாயில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஒரு சிறு வடிகட்டியைத் தற்காலிகமாக மாட்டுவது. அதில் ஆயில் சேர்ந்தால் முதல் கேன் தேறவில்லை.

மிஷிமோட்டோ நிறுவனத்தின் பேஃபிள் (உள்தடுப்பு) வைத்த கேனில் உள்ளே நுழையும் புகை தடுப்பில் மோதித் திரும்புகிறது. பிறகு 50 மைக்ரான் வெண்கல வடிகட்டியைக் கடந்துதான் வெளியே போக முடியும். திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் துளிகள் சுவரில் ஒட்டி வழிகின்றன. மான் ஹம்மல் நிறுவனத்தின் புரோவென்ட் 200 கேன் இன்னும் ஒரு படி மேல். நுண்துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்கி வடியவிடும் மாற்றக்கூடிய ஃபில்டர் அதில் உண்டு. அது அடைத்துக்கொண்டால் திறக்கும் பாதுகாப்பு வால்வும் உண்டு. பிளாஸ்டிக் உடம்பு, பருத்த உருவம். அழகுக்கு மதிப்பெண் கிடைக்காது, வேலைக்குக் கிடைக்கும். டபிள்யூ.ஆர்.எக்ஸின் நெருக்கமான பானெட்டுக்குள் அதற்கு இடம் தேடுவதுதான் பாடு.

ஐ.ஏ.ஜி நிறுவனத்தின் ஏர்-ஆயில் செப்பரேட்டர் வேறு ரகம். இன்ஜின் கூலன்டை உள்ளே ஓடவிட்டுச் சூடாக வைத்திருப்பதால் நீராவி ஆயிலோடு கலந்து தங்குவதில்லை. பிரிந்த ஆயில் இன்ஜினுக்கே திரும்புகிறது. காலி செய்யும் வேலையே இல்லை. விலையும் பொருத்தும் கூலியும் அதற்கேற்ப ஏறும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிதானமாக ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலில் பிசிவி வால்வு திறந்து, புகை அவ்வழியே போகிறது. டர்போ அழுத்தம் ஏறியதும் அந்த வால்வு மூடிக்கொள்கிறது. புகை கிராங்க்கேஸின் இன்னொரு வெளிவழியான பிரீதர் குழாய் வழியாக டர்போவின் வாய்க்குப் போகிறது. பிசிவி பக்கம் மட்டும் கேன் மாட்டியவருக்கு, ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும் நேரத்தில் பாதுகாப்பு இல்லை. டபிள்யூ.ஆர்.எக்ஸின் பாக்ஸர் இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பதால், ரேஸ் டிராக்கின் நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்க ஹெட்டுக்குள் ஒதுங்கிப் பிரீதரில் ஏறும் வாய்ப்பும் அதிகம்.

கேன் நன்றாக இருந்தாலும் ஹோஸ் கெடுத்துவிடும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். ஆயிலில் ஊறி உப்பிக் கொழகொழத்துப்போகும். ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் கேட்டு வாங்க வேண்டும். உள்விட்டத்தைக் குறைக்கக் கூடாது. வழி குறுகினால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும். குழாய் நடுவில் தொய்ந்து தொங்கினாலும் அங்கே நீர் தேங்கும். கேனை டர்போவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆயில் குளிர்ந்து பிரியாது; காற்றுப் படும் இடமே சரி.

பிரீதரை வெளிக்காற்றில் திறந்துவிடும் கேன்கள் சாலைக்கு ஆகாது. வாடை கேபினுக்குள் வரும், மாசு விதியும் மீறப்படும். போட்டிக் கார்களுக்கு அதற்கும் கணக்கு உண்டு. திறந்த பிரீதர் வைத்தால் 2,000 சிசி வரையுள்ள இன்ஜினுக்குக் குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேற்பட்டதற்கு 3 லிட்டர் கொள்ளும் கலன் வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியவும் வேண்டும் என்கிறது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.

கேனைக் காலி செய்வதைத் தள்ளிப்போடவும் முடியாது. குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் காரில் கேனைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் பெட்ரோல் வாடையோடு ஒரு குழம்பு வழியும். முக்கால்வாசி நீர்தான். அது உறைந்து வழியை அடைத்தால் மறுபடியும் சீல்களுக்குத்தான் அடி. அடியில் டிரெயின் வால்வும் அளவு பார்க்கும் குச்சியும் உள்ள கேனை வாங்கினால் இந்த வேலை ஐந்து நிமிடம்.

எந்த கேனும் கார்பனை முழுதாக நிறுத்தாது. வால்வு சீல் வழியாகவும் கொஞ்சம் ஆயில் இறங்கத்தான் செய்யும். வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி வால்வைச் சுத்தம் செய்யும் செலவு தள்ளிப்போகும், அவ்வளவே. அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் போகும் டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கு பிசிவி பக்கம் பேஃபிள் வைத்த ஒரு மூடிய கேன் போதும். டியூன் செய்து பூஸ்ட் ஏற்றியவர் பிரீதர் பக்கமும் ஒன்று சேர்க்கலாம். மாதந்தோறும் டிராக்குக்குப் போகிறவர் ஏர்-ஆயில் செப்பரேட்டருக்குச் சேமிக்கட்டும். டர்போ இல்லாத, இன்டேக் வழியில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரணக் கார் வைத்திருப்பவர் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.