வாரம் 684 டாலர்

அமெரிக்காவில் வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டி வேலை வாங்கினால், தாண்டிய நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும். 1938-இல் வந்த தொழிலாளர் தரச் சட்டம் கொடுத்த உரிமை இது. நிர்வாகப் பணியாளருக்கு இது கிடையாது என்று விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. யார் நிர்வாகப் பணியாளர் என்பதில்தான் வம்பே.

விதிகளைப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. பதவிப் பெயர் செல்லாது. நிறுவனத்தை நடத்துவதோடு தொடர்புள்ள அலுவலக வேலையாக இருக்கவேண்டும். முக்கிய விஷயங்களில் சொந்தமாக யோசித்து முடிவெடுக்கவேண்டும். ஆள்சேர்ப்புக் கொள்கையை வகுக்கும் மனிதவள மேலாளருக்கு ஓவர்டைம் இல்லை. விண்ணப்பங்களில் அடிப்படைத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துவைக்கும் கிளார்க்குக்கு உண்டு. விலக்கில் வருபவர் ஒருநாள் சொந்த வேலையாக மூன்று மணிக்கே கிளம்பினாலும் சம்பளத்தில் கைவைக்க முடியாது. அது சின்னச் சலுகையல்ல.

ஆனால் ‘நிறுவனத்தை நடத்துவதோடு தொடர்புள்ள வேலை’ எது என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போவதில்லை. வீட்டுக்கடன் மனுவை வங்கியின் விதிகளோடு ஒத்துப்பார்த்து, கடன் தரலாமா என்று சொல்கிறார் ஒருவர். ஜே.பி. மார்கன் சேஸ் வழக்கில் 2009-இல் நியூயார்க்கில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஓவர்டைம் உண்டு என்றது. ஹன்டிங்டன் வங்கி வழக்கில் 2016-இல் சின்சினாட்டியில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் கிடையாது என்றது. வேலை கிட்டத்தட்ட ஒன்றேதான்.

அதனால் என் பார்வையில் தொழிலாளிக்கு உருப்படியான பாதுகாப்பு சம்பள வரம்புதான். வரம்புக்குக் கீழே இருப்பவரை விலக்கில் சேர்க்க முடியாது; சம்பளச் சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வக்கீல் வேண்டாம். அந்த வரம்போ வாரம் 684 டாலர், 2020-இல் வந்தது. அந்தச் சம்பளத்தில் 60 மணி நேரம் உழைப்பவருக்கு மணிக்கு 11.40 டாலர்தான் விழுகிறது. அது 40 மணி நேரச் சம்பளமாக இருந்து ஓவர்டைமும் உண்டென்றால், அந்த 20 மணி நேரத்துக்கு இன்னும் 513 டாலர் கிடைத்திருக்கும். முதலாளிக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

2024 ஜூலையில் வரம்பை 844 ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் 1,128 ஆகவேண்டியது. 2024 நவம்பரிலேயே டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்ய, வரம்பு பழைய 684-க்கே திரும்பியது. செய்யும் வேலையைப் பார்க்காமல் சம்பளத்தையே அளவுகோலாக்கிவிட்டார்கள் என்பது நீதிமன்றத்தின் வாதம். சட்ட வாசகத்தில் சம்பளம் என்ற பேச்சே இல்லாததால் வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. மிசிசிப்பியின் சிறிய தொண்டு நிறுவனத்துக்கும் மன்ஹாட்டன் வங்கிக்கும் ஒரே வரம்பா என்ற கேள்வியும் நியாயமானதே.

கலிபோர்னியா தன் வரம்பை மாநிலக் குறைந்தபட்சக் கூலியின் இருமடங்கோடு கட்டிவைத்திருக்கிறது. கூலி ஏறினால் வரம்பும் ஏறும். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் நிர்வாக வேலையாகவே இருக்கவேண்டும் என்றும் கேட்கிறது. 2025-இல் அங்கே வரம்பு ஆண்டுக்கு 68,640 டாலர். மத்திய அரசின் வரம்பு 35,568.