28 கோடி டாலர் வசூல், லாபம் பூஜ்யம்

எட்டி மர்ஃபி நடித்து 1988ல் வந்த 'கமிங் டு அமெரிக்கா' உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். பாராமவுண்ட் ஸ்டூடியோவின் கணக்கிலோ நிகர லாபம் என்று ஒன்றுமே இல்லை, சுமார் 1.8 கோடி டாலர் நஷ்டமாம். இந்த விசித்திரக் கணக்கைப் பற்றிய 'ஃபேட்டல் சப்ட்ராக்‌ஷன்' (1992) புத்தகத்தைப் போன வாரம்தான் முடித்தேன். எழுதியவர்கள் பியர்ஸ் ஓ'டோனல், டென்னிஸ் மெக்டூகல்.

எனக்கு சினிமாவோடு எந்தத் தொடர்பும் இல்லை, கோட் எழுதிப் பிழைப்பவன். ஆனால் வருஷா வருஷம் "கம்பெனியின் லாபத்தைப் பொறுத்து" என்று ஆஃபர் லெட்டரில் எழுதித் தந்த போனஸ், மூன்று வருஷம் தொடர்ந்து பூஜ்யமாக வந்ததை அனுபவித்திருக்கிறேன். லாபம் என்றால் என்ன என்று அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் புத்தகம் பிடித்துக்கொண்டது.

கதைச் சுருக்கம் இதுதான். ஆர்ட் புக்வால்ட் புலிட்சர் பரிசு பெற்ற நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர். அமெரிக்காவுக்கு வரும் ஒரு ஆப்பிரிக்க மன்னனைப் பற்றி சில பக்கக் கதைச் சுருக்கம் எழுதுகிறார். 1983ல் பாராமவுண்ட் அதை மர்ஃபிக்காக எடுத்துக்கொள்கிறது, 1985ல் கைவிடுகிறது. பிறகு கதை வார்னர் பிரதர்ஸுக்குப் போகிறது. இதற்கிடையில் பாராமவுண்டே ஒரு ஆப்பிரிக்க இளவரசன் படத்தைத் தொடங்க, வார்னரும் கையை விரித்துவிடுகிறது. படம் வந்தபோது திரையில் கதை என்று மர்ஃபியின் பெயர். புக்வால்டும் அவருடைய தயாரிப்பாளர் அலைன் பெர்ன்ஹைமும் வழக்குப் போட்டார்கள்.

பலரும் இதைக் கதைத் திருட்டு வழக்கு என்றே எழுதுகிறார்கள். அது தப்பு. மர்ஃபி திருடினார் என்று நீதிபதி ஹார்வி ஷ்னைடர் சொல்லவே இல்லை. காப்புரிமைச் சட்டம் வெறும் யோசனையைப் பாதுகாக்காது. புக்வால்டைக் காப்பாற்றியது ஒப்பந்தத்தில் இருந்த "அடிப்படையாகக் கொண்ட" என்ற சொல். படத்தின் முக்கியமான ஒரு அம்சம் அவர் கதையிலிருந்து வந்திருந்தாலே போதும் என்று 1990 ஜனவரியில் தீர்ப்பானது. ஒரே ஒரு வரையறை, மொத்த வழக்கையும் தாங்கியது.

அடுத்த கட்டம்தான் எனக்கு விருந்து. நிகர லாபக் கணக்கை ஒரு ப்ரோக்ராம் மாதிரிப் படித்தால் தலை சுற்றும். செலவோடு 15 சதவீதம் நிர்வாகச் செலவு சேரும், உண்மையில் அவ்வளவு ஆனதா என்ற கேள்வியே கிடையாது. அந்த நிர்வாகச் செலவுக்கும் வட்டி. நட்சத்திரத்துக்குத் தரும் வசூல் பங்கும் படத்தின் செலவுதான், அதற்கும் வட்டி. வரும் பணத்தில் விநியோகக் கட்டணத்தை ஸ்டூடியோ முதலில் எடுத்துக்கொள்ளும்; அந்த எடுப்பு, கடனைக் குறைத்ததாகக் கணக்காகாது. ஆக பணம் வர வர வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். லூப் இருக்கிறது, வெளியே வரும் கண்டிஷன் இல்லை! இப்படி ஏழு விதிகள் மனசாட்சிக்கு ஒவ்வாதவை என்று நீதிபதி தள்ளினார்.

இனி என் குறை. ஓ'டோனல் புக்வால்டின் வக்கீல். எனவே புத்தகத்தில் நல்லவர் ஒரு பக்கம், வில்லன் மறுபக்கம். ஆனால் பாராமவுண்டின் வாதம் அற்பமானதல்ல: பத்துப் படம் எடுத்தால் பெரும்பாலானவை கையைக் கடிக்கும், ஓடிய படம்தான் மற்றதையும் சுமக்க வேண்டும். அந்த வாதத்தை ஸ்டூடியோவே பாதியில் கைவிட்டது; அதை நிரூபிக்க மற்றப் படங்களின் கணக்கையும் திறந்துகாட்ட வேண்டியிருக்கும். அந்த இடத்தில் நின்று யோசிக்காமல், ஓ'டோனல் வெற்றிக் கொண்டாட்டத்துக்குப் போய்விடுகிறார்.

கொண்டாடும் அளவுக்கு என்ன கிடைத்தது? 1992 மார்ச்சில் புக்வால்டுக்கு 1.5 லட்சம் டாலர், பெர்ன்ஹைமுக்கு 7.5 லட்சம். வழக்குச் செலவு அதைத் தாண்டிவிட்டது. மேல்முறையீட்டில் தீர்ப்பு வருமுன்பே சமரசம் ஆனதால், மற்ற எழுத்தாளர்கள் சாய்ந்துகொள்ள ஒரு உயர்நீதிமன்றத் தீர்ப்பும் மிஞ்சவில்லை.

கதை விற்பது எப்படி என்று சொல்லும் கட்டுரைகள் எல்லாம் தயாரிப்பாளரிடம் பேசும் பாணியையும் தன்னம்பிக்கையையும் பற்றிப் பேசுகின்றன. இந்தப் புத்தகம் தன்னையறியாமல் வேறொன்றைச் சொல்லித் தருகிறது. கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை நான்கு: முன்பணம் எவ்வளவு, "அடிப்படையாகக் கொண்ட" என்பதற்குப் பொருள் என்ன, படம் எடுக்காவிட்டால் உரிமை எப்போது திரும்பும், பங்கு மொத்த வசூலிலா நிகரத்திலா. நிகரம் என்றால், அதைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு மற்ற மூன்றையும் பேரம் பேசுங்கள்.

அடுத்த ஆஃபர் லெட்டரில் நானும் அப்படித்தான் செய்தேன். போனஸ் வரியை அடித்துவிட்டு, மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன். கொடுத்தார்கள்.